அமுக்குவான் பேயும் மூளையின் விசைகளும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வாரம் முழுவதும் வேலைத்தளங்களில் உழைக்கும் நம் சகோதரர்கள் அன்றுதான் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதும், காய்கறி வாங்குவதும், புல்தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும் அன்றுதான். அப்படிப்பட்ட ஒரு மாலையில், என் அம்மாவின் ஊரான புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்குக் கட்டுமானத் தளமொன்றில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைச் சந்தித்தேன். அவருக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறுவாரம் இரவு வேலை. பெயர் வேண்டாம், அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

அவர் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. கண்கள் சிவந்து கிடந்தன. "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒன்னுமில்ல தம்பி. மூனு வாரமா அமுக்குவான் வந்து அமுக்குது. காலையில வேலை முடிஞ்சு வந்து படுத்தா, கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சிக்குது, ஆனா கை காலு வரமாட்டேங்குது. நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு. கத்துறேன், சத்தமே வரல. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கவனுக்கு ஒன்னும் தெரியல. இப்பல்லாம் தூங்கவே பயமா இருக்கு. காப்பியக் குடிச்சிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கேன்."

உயிரறிவியல் படிக்கும் மாணவன் என்ற மிடுக்கில் நான் சட்டென்று சொன்னேன்: "அது பேய் இல்ல அண்ணே. அதுக்குப் பேரு ஸ்லீப் பராலிசிஸ்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேரு சொல்லிட்டாப் போயிடுமா தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்த பாடம்தான் அது. ஆனால் அதைத் தமிழில், எதிரில் இருக்கும் ஒரு மனிதருக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. உறங்கப் பயந்து, உறக்கமில்லாமலேயே சாரத்தில் ஏறி வேலை செய்யும் ஒருவருக்கு ஓர் ஆங்கிலப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நான் விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு பேய், பல பெயர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமுக்குவான் நம் ஊருக்கு மட்டும் சொந்தமான பேய் அன்று. நம் அண்டை வீட்டு மலாய் நண்பர்களைக் கேட்டால், 'கெனா தின்டிஹ்', அதாவது 'அமுக்கப்பட்டுவிட்டேன்' என்பார்கள். சீன நண்பர்கள் 'குய் யா சுவாங்' என்பார்கள்; பேய் கட்டிலை அழுத்துகிறது என்று பொருள். ஜப்பானியர்கள் இதைக் 'கனாஷிபாரி' என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் நெஞ்சின்மேல் வந்து உட்காருபவள் ஒரு சூனியக்காரக் கிழவி.

மொழி மாறினாலும் அனுபவம் மாறவில்லை. அசையாத உடல், நெஞ்சில் பாரம், அறைக்குள் வேறு யாரோ இருப்பது போன்ற உணர்வு, சொல்ல முடியாத அச்சம். ஒரே பேய் இத்தனை நாடுகளுக்கும் அலைகிறது என்று நினைப்பதைவிட, இத்தனை நாட்டு மனிதர்களுக்கும் ஒரே வகையான மூளை இருக்கிறது என்று நினைப்பது எளிதல்லவா?

2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் இடம்பெற்றோர் மொத்தம் 36,000க்கும் மேற்பட்டவர்கள். பொதுமக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருந்தனர். மாணவர்களிடையே அந்த அளவு எவ்வளவு தெரியுமா? 28 விழுக்காடு! மாணவர்களின் மீது பேய்களுக்கு ஏன் இத்தனை அன்பு என்ற கேள்விக்கு விடை பின்னால் வரும். நானும் அந்த 28 விழுக்காட்டில் ஒருவன். இரண்டாம் ஆண்டுத் தேர்வு வாரத்தில் எனக்கும் அது வந்தது. அதற்குக் காரணம் படித்திருந்தும் அந்தச் சில நொடிகளில் என் படிப்பு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உறக்கம் ஒன்றல்ல

உறக்கம் என்றால் விளக்கை அணைப்பது போல மூளை அணைந்துவிடும் நிலை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை நனவு, கனவு, சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாகப் பகுத்தது. இவற்றுள் கடைசி இரண்டும் அறிவியலின் எல்லைக்குள் வரா. ஆனால் விழிப்பு, கனவு, கனவற்ற ஆழ்ந்த உறக்கம் ஆகிய மூன்றையும் வெவ்வேறு நிலைகளாகப் பிரித்துப் பார்த்தது வியப்புக்குரியது. ஏனெனில் ஆய்வகம் அந்தப் பிரிவுக்கு வந்து சேர 1953 வரை ஆயிற்று.

அந்த ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜீன் அசெரின்ஸ்கி, நதானியல் கிளைட்மன் ஆகிய இருவரும் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். உறங்கும் மனிதரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் இரவில் சிலமுறை அங்குமிங்கும் வேகமாக ஓடுகின்றன. அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். அசெரின்ஸ்கி இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களுள் அவருடைய எட்டு வயது மகனும் ஒருவன். வேகக் கண்ணசைவு உறக்கம் எனப்படும் இந்த நிலையை இக்கட்டுரையில் 'கனவு உறக்கம்' என்று அழைப்போம்.

நல்ல உறக்கத்தில் நாம் முதலில் இலேசான உறக்கத்துக்குள் இறங்குகிறோம். அங்கிருந்து ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறோம். அப்போது மூளையின் மின் அலைகள் பெரியனவாகவும் மெதுவாகவும் மாறுகின்றன. பிறகு மேலேறி வந்து கனவு உறக்கத்துக்குள் நுழைகிறோம். இந்தச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடங்கள். ஓர் இரவில் நான்கு அல்லது ஐந்து சுற்றுகள். ஆனால் எல்லாச் சுற்றுகளும் ஒன்று போலிருப்பதில்லை. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி; கனவு உறக்கம் சில நிமிடங்களே. விடியலை நெருங்க நெருங்கக் கனவு உறக்கம் நீண்டுகொண்டே போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் கதைக்கும் நம் கதைக்கும் இது தேவைப்படும்.

சரி, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நம்மை மாற்றுவது யார்?

முதல் விசை: விழிப்பும் உறக்கமும்

முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விநோதமான மூளைக் காய்ச்சல் பரவியது. வியன்னாவில் மருத்துவராக இருந்த கான்ஸ்டன்டின் வான் எக்கோனமோ 1917இல் அதைப் பற்றி எழுதினார். நோயாளிகளில் பலர் ஓயாமல் உறங்கினார்கள்; உணவு ஊட்டும்போதே உறங்கிவிடுவார்கள். சிலருக்கு மாறாக உறக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளைகளை அவர் ஆராய்ந்தார். ஓயாமல் உறங்கியவர்களுக்கு ஹைப்போதலமஸின் பின்பகுதியும் அதையொட்டிய நடுமூளையும் சிதைந்திருந்தன. உறக்கம் வராதவர்களுக்கு ஹைப்போதலமஸின் முன்பகுதி சிதைந்திருந்தது. ஹைப்போதலமஸ் என்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் சிறிய உறுப்பு. அதன் முன்பகுதி உறக்கத்தைத் தருகிறது, பின்பகுதி விழிப்பைத் தருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அவர் கணிப்பு சரியென்று பின்னர் வந்த பல சோதனைகள் காட்டின. அவற்றுள் இந்தியச் சோதனைகளும் உண்டு. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் வி. மோகன் குமார் குழுவினர், எலிகளின் இதே முன்பகுதி நரம்பணுக்களை அழித்தபோது அவற்றின் உறக்கம் குறைந்ததை 1990களில் காட்டினார்கள்.

விழிப்பைக் காப்பவை ஒரே இடத்தில் இல்லை. மூளைத்தண்டிலிருந்து ஹைப்போதலமஸின் பின்பகுதி வரை பல சிறு நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று நார்அட்ரினலினைச் சுரக்கும், இன்னொன்று செரட்டோனினை, மற்றொன்று ஹிஸ்டமினை. சளிக்குச் சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போனால் தலை தொங்குகிறதே, ஏன்? அம்மாத்திரை மூக்கில் மட்டுமல்லாமல் மூளையிலும் ஹிஸ்டமினின் வேலையைத் தடுத்துவிடுகிறது.

உறக்கத்தைத் தருபவை ஹைப்போதலமஸின் முன்பகுதியில் இருக்கும் ஒரு சிறு கூட்டம். நாம் உறங்கும்போது மட்டும் இவை சுறுசுறுப்பாக இயங்குவதை ஹார்வர்டைச் சேர்ந்த கிளிஃபோர்ட் சேப்பர் குழுவினர் 1996இல் எலிகளிடம் கண்டறிந்தார்கள். விழிப்பு நரம்பணுக்களை இவை அடக்குகின்றன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. விழிப்பு நரம்பணுக்களும் திரும்பி இவற்றை அடக்குகின்றன!

இதுதான் முக்கியமான செய்தி. அடுக்குமாடி வீடுகளின் கீழே சிறுவர் விளையாட்டிடத்தில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் உயரும். உயர்ந்தவரின் கால் தரையில் படாததால் அவரால் உந்த முடியாது. தாழ்ந்தவர் இன்னும் அழுத்தமாக உட்காருவார். பலகை நடுவில் நிற்பதில்லை. பொறியியல் மாணவர்கள் இதை 'ஃபிளிப்-ஃபிளாப்' சுற்று என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 2001இல் சேப்பர் குழுவினர் மூளையின் இந்த அமைப்புக்கு அதே பெயரைத்தான் வைத்தார்கள். இந்த அமைப்பின் பயன் என்ன? மனிதன் பாதி உறக்கத்திலும் பாதி விழிப்பிலும் அலையாமல், ஏதேனும் ஒரு பக்கத்தில் உறுதியாக நிற்கிறான். காட்டில் பாதி விழித்த மான் புலிக்கு இரையாகும். நகரத்தில் பாதி விழித்த ஓட்டுநரால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பலகையைச் சாய்ப்பவை இரண்டு. ஒன்று, உடலின் கடிகாரம். மற்றொன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே வரும் உறக்க அழுத்தம். அடினோசின் என்னும் பொருள் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. காப்பியில் இருக்கும் கஃபீன் அடினோசினை அகற்றுவதில்லை. அது வந்து அமரும் இருக்கையை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கடன் அப்படியே இருக்கும்; கடன்காரர் மட்டும் கொஞ்ச நேரம் வாசலில் காத்திருப்பார்.

பலகை ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கையும் உண்டு. அதன் பெயர் ஓரெக்சின். 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்த இந்தப் பொருளை, ஹைப்போதலமஸின் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் சுரந்து, விழிப்பின் பக்கத்தை அழுத்திப் பிடிக்கிறது. நார்கோலெப்சி என்ற நோயால் வருந்தியவர்களின் மூளைகளை 2000இல் ஆராய்ந்தபோது, இந்த நரம்பணுக்களில் 85 முதல் 95 விழுக்காடு வரை அழிந்திருந்தன. பிடிக்கும் கை போய்விட்டதால் அவர்களின் விசை நினைத்த நேரத்தில் புரளும். பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடுவார்கள். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடிந்து விழுபவர்களும் உண்டு.

இரண்டாம் விசை: கனவின் கதவு

உறங்கிய பிறகும் வேலை முடியவில்லை. ஆழ்ந்த உறக்கத்துக்கும் கனவு உறக்கத்துக்கும் இடையே இன்னொரு விசை இருக்கிறது. இது மூளைத்தண்டில், 'பொன்ஸ்' என்னும் பகுதியிலும் அதன் மேலேயும் அமைந்துள்ளது.

1975இல் ஹார்வர்டின் ராபர்ட் மெக்கார்லி, ஆலன் ஹாப்சன் ஆகியோர் கனவைத் தூண்டும் நரம்பணுக்களும் அதைத் தடுக்கும் நரம்பணுக்களும் மாறிமாறி எழுந்து தாழ்வதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சமன்பாடு, காட்டில் முயலும் நரியும் மாறிமாறிப் பெருகுவதை விளக்க உயிரியலார் பயன்படுத்தும் சமன்பாடு. முயல் பெருகினால் நரி பெருகும், நரி பெருகினால் முயல் குறையும், முயல் குறைந்தால் நரியும் குறையும். நம் இரவிலும் அப்படியொரு வேட்டை நடக்கிறது. 2006இல் சேப்பர் குழுவினர், இதிலும் ஒன்றையொன்று அடக்கும் இரு கூட்டங்கள் உண்டு, இதுவும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் விசைதான் என்று எலிகளைக் கொண்டு காட்டினார்கள்.

விழிப்பைத் தரும் நார்அட்ரினலின், செரட்டோனின் நரம்பணுக்கள் ஆழ்ந்த உறக்கத்தில் மெதுவாகின்றன. கனவு உறக்கத்தில் ஏறக்குறைய முற்றிலும் அடங்கிவிடுகின்றன. அவை அடங்கினால்தான் கனவின் கதவு திறக்கும். தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி. என். மல்லிக் குழுவினர் எலிகளின் நார்அட்ரினலின் மையத்தை இலேசான மின்சாரத்தால் தூண்டி, அதை அடங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கனவு உறக்கம் குறைந்தது.

கனவின் கதவு திறக்கும்போது இன்னொரு காரியமும் நடக்கிறது. பொன்ஸிலிருந்து ஒரு கட்டளை முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் இறங்குகிறது. அங்கே கிளைசின், காபா என்னும் இரண்டு பொருள்கள் சுரந்து, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவிடுகின்றன. கை, கால், கழுத்து எல்லாம் தளர்ந்துபோகும். கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சுவிட உதவும் உதரவிதானமும் மட்டும் தப்பிக்கும். இது நோயன்று, பாதுகாப்பு. கனவில் பந்தை உதைக்கும்போது உண்மையில் சுவரை உதைக்காமல் நம்மைக் காப்பாற்றுவது இதுதான்.

இந்தப் பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிரான்ஸின் லியோன் நகரில் மிஷேல் ஜுவே, பூனைகளின் பொன்ஸில் ஒரு சிறு பகுதியை அழித்துப் பார்த்தார். கனவு உறக்கம் வந்ததும் அப்பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து நின்றன. இல்லாத எலியைத் துரத்தின. மனிதரிலும் இப்படி நடப்பதை 1986இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். கனவில் சண்டையிடும் அவர்கள் பக்கத்தில் படுத்திருப்பவரை உண்மையிலேயே அடித்துவிடுவார்கள். அவர்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோய் போன்றவை வருவதால், இன்று மருத்துவர்கள் இதை ஒரு முன்னறிவிப்பாகவும் பார்க்கிறார்கள்.

விசை நடுவில் சிக்கினால்

இப்போது அண்ணனின் கட்டிலுக்கு வருவோம்.

கனவு உறக்கம் முடியும்போது இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்க வேண்டும். உணர்வு விழிக்க வேண்டும். தசைகளின் பூட்டும் திறக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துவிடுகின்றன. எப்போதாவது முதலாவது முந்திக்கொள்கிறது. உணர்வு விழித்துவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. அமுக்குவான் என்று நாம் சொல்வது இந்த இடைவெளியைத்தான். அது சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடிக்கலாம்.

நெஞ்சில் பாரம் ஏன்? உதரவிதானம் மட்டும் இயங்குகிறது; நெஞ்சை விரிக்கும் மற்றத் தசைகள் பூட்டப்பட்டிருக்கின்றன. பயந்துபோய் ஆழமாக மூச்சிழுக்க முயன்றால் நெஞ்சு ஒத்துழைக்காது. யாரோ அழுத்துவதாக மனம் பொருள்கொள்கிறது. கத்தினால் சத்தம் வராததற்கும் இதுவே காரணம். அறையில் யாரோ நிற்பதாகத் தோன்றுவது ஏன்? கனவு இன்னும் முழுதாகக் கலையவில்லை. அச்சத்தை எழுப்பும் 'அமிக்டலா' என்னும் மூளைப் பகுதி கனவு உறக்கத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் உண்மையான அறைக்குள் கனவின் அச்சம் நடமாடுகிறது.

இதை ஆய்வகத்தில் வரவழைத்தும் காட்டியிருக்கிறார்கள். 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 16 பேரை உறங்க வைத்து, இரவின் நடுவில் எழுப்பி, ஒரு மணி நேரம் விழித்திருக்கச் செய்து, மீண்டும் உறங்கவிட்டார்கள். அவ்வாறு மீண்டும் உறங்கியபோது பத்தில் ஏழு முறை, ஆழ்ந்த உறக்கத்தைத் தாண்டிக் குதித்து நேராகக் கனவு உறக்கத்துக்குள் போய்விட்டார்கள். இந்தச் சோதனையில் ஆறுமுறை கனாஷிபாரி வந்தது. பேய் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறோம். கால அட்டவணை போட்டுப் பேயை அழைத்தவர்கள் இவர்கள்தாம்!

இதில் அடங்கியிருக்கும் பாடம் தெளிவானது. உறக்கம் துண்டுபட்டாலும், நேரம் மாறினாலும், குறைந்தாலும் கனவு உறக்கம் இடந்தவறி நுழைகிறது. விழிப்புக்கும் கனவுக்கும் இடையே இருக்க வேண்டிய ஆழ்ந்த உறக்கம் என்ற இடைவெளி இல்லாமல் போகும்போது, விசை சிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அண்ணன் இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலையில் படுக்கிறார். உடலின் கடிகாரப்படி கனவு உறக்கத்தின் உச்சம் விடியலை ஒட்டிய நேரம். அந்த நேரத்தில் களைப்போடு படுப்பவர் கனவின் வாசலிலேயே படுக்கிறார். அடுத்த வாரம் பகல் வேலை என்றால் கடிகாரம் மறுபடி குழம்பும். பயத்தில் அவர் உறங்காமல் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் அமுக்குவானுக்கு வழி திறந்துவிட்டது.

நம் இரவுகள்

இது இரவு வேலைக்காரர்களின் கதை மட்டும் என்று நாம் தள்ளிவிட முடியாது. மாணவர்களுக்கு ஏன் 28 விழுக்காடு என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் மைக்கேல் சீ தலைமையிலான ஆய்வுக் குழு, 15 முதல் 19 வயது வரையுள்ள 56 மாணவர்களைத் தங்கவைத்து ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு இரவில் 9 மணி நேரம் படுக்கை. மற்றொரு பிரிவினருக்கு 5 மணி நேரம்தான். ஏழு இரவுகள் இப்படி. குறைவாக உறங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் சரிந்தன. பிறகு இரண்டு இரவுகள் நன்றாக உறங்கவிட்டும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வார இறுதியில் உறங்கிக் கடனை அடைத்துவிடலாம் என்ற நம் கணக்கு பொய்க்கிறது.

அவர்களின் மூளை அலைகள் சொன்ன செய்தி இன்னும் முக்கியமானது. உறங்கும் நேரத்தைக் குறைத்தபோது ஆழ்ந்த உறக்கத்தின் அளவு பெரிதாகக் குறையவில்லை. மூளை அதை விட்டுக்கொடுக்கவில்லை. குறைந்தவை இலேசான உறக்கமும் கனவு உறக்கமும்தான். விடியலில் நீளும் கனவு உறக்கத்தை நாம் காலை அலாரத்தால் வெட்டுகிறோம். ஐந்து மணி நேரம் உறங்கியவன் எட்டு மணி நேர உறக்கத்தின் சிறிய பிரதியைப் பெறுவதில்லை. ஒரு நூலின் கடைசி அத்தியாயங்களைக் கிழித்துவிட்டுப் படிப்பவனைப் போன்றவன் அவன்.

நம் பல்கலைக்கழக வாழ்க்கைக்கும் கணக்கு இருக்கிறது. டியூக்-என்யுஎஸ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், 23,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் கம்பியில்லா இணைய இணைப்புப் பதிவுகளைக் கொண்டு யார் விரிவுரைக்கு வந்தார்கள் என்று பார்த்தார்கள். காலை எட்டு மணி விரிவுரைக்கு வருகை ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. வந்தவர்களும் சுமார் ஒரு மணி நேர உறக்கத்தை இழந்துவிட்டு வந்தவர்கள்தாம். சோம்பேறிகள் என்று நம்மைத் திட்டும் பெற்றோரிடம் இதைக் காட்டலாம். ஆனால் விடியற்காலை இரண்டு மணி வரை கைப்பேசியோடு இருந்ததற்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

நேரத்தை மாற்றினால் பயன் உண்டா? உண்டு. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016 ஜூலையில் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30 மணியிலிருந்து 8.15 மணிக்கு மாற்றியது. ஒரு மாதத்துக்குப் பின் மாணவிகள் படுக்கையில் இருந்த நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்து, அவர்கள் உறங்கிய நேரம் 10 நிமிடம் கூடுதலாக இருந்தது. மாணவிகளின் மனநலனும் மேம்பட்டிருந்தது. இரவில் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று அஞ்சியவர்களுக்கு அதுவே பதிலாயிற்று.

மறுபடியும் தேக்கா

இரண்டு வாரம் கழித்து அண்ணனை மீண்டும் பார்த்தேன். இந்த முறை ஆங்கிலப் பெயர் எதையும் சொல்லவில்லை. காகிதத்தில் ஒரு சீசா பலகை வரைந்தேன். "கனவு காணும்போது கை கால அசைக்க விடாம மூளை பூட்டு போட்டு வச்சிருக்கு அண்ணே. நீங்க முழிச்சிட்டீங்க, பூட்டு திறக்கக் கொஞ்சம் நேரமாகுது. அவ்வளவுதான்" என்றேன். அவர் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எங்க தளத்துல கிரேனுக்கு இருக்கிற மாதிரி சேஃப்டி லாக்கா?" என்று கேட்டார். நான் தேடிக்கொண்டிருந்த உவமையை அவரே கொடுத்துவிட்டார்.

மருத்துவர்கள் சொல்லும் எளிய வழிகளையும் சொன்னேன். மல்லாந்து படுக்கும்போது இது அதிகம் வருவதால் ஒருக்களித்துப் படுக்கலாம். படுக்கப் போவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பே காப்பியை நிறுத்திவிடலாம். வந்துவிட்டால் எழுந்திருக்கப் போராடாமல், மெதுவாக மூச்சுவிட்டபடி கண்ணை அசைக்கலாம், ஒரு விரல் நுனியை அசைக்க முயலலாம். பூட்டு தானாகத் திறக்கும். பகலில் அடக்க முடியாத உறக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது உடல் தளர்ந்து விழுந்தாலோ, பலதுறை மருந்தகத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை. அது அவருடைய நம்பிக்கை. அதனால் உறக்கத்துக்கு ஒரு தீங்கும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. நேரத்துக்குப் படு, நேரத்துக்கு எழுந்திரிங்கிற. வாரா வாரம் ஷிஃப்ட் மாறுதே, அதை யாருகிட்ட சொல்ல?"

இந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பேயை விளக்கிவிட்டேன், வேலை அட்டவணையை மாற்ற என்னால் முடியாது. ஒரு பள்ளி மணியை 45 நிமிடம் தள்ளிவைத்ததால் மாணவிகளின் உறக்கம் கூடியது என்றால், வேலைத்தள அட்டவணைகளுக்கும் அதே அறிவியல் பொருந்தும். நாளை நம்மில் சிலர் பொறியாளர்களாக, மேலாளர்களாக, மருத்துவர்களாக அந்த அட்டவணைகளை எழுதப் போகிறோம். அப்போது அண்ணனின் கேள்வி நம் நினைவில் இருக்க வேண்டும்.

கடந்த ஞாயிறு அவரைப் பார்த்தபோது, அமுக்குவான் இன்னும் ஒருமுறை வந்ததாகச் சொன்னார். "விரலை ஆட்டிப் பார்த்தேன் தம்பி. போயிடுச்சு. அப்புறம் தூங்கிட்டேன்" என்றார். அந்தக் கடைசி இரண்டு சொற்களைக் கேட்டபோது, தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைவிட அதிகமாக மகிழ்ந்தேன். நண்பர்களே, நாம் இங்கே ஆங்கிலத்தில் கற்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் காத்திருக்கும் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவருக்குப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.